நீர் ஆகாரம்

கைப்பிடி வைத்த நாற்காலிதான் என் முதல் எதிரி. நன்னிலத்தில் நான் வேலை பார்த்த இ-சேவை மையத்தில் போட்டிருந்ததெல்லாம் அந்த ரகம். பட்டா நகல் எடுத்துக் கொடுக்கிற நான் மட்டும் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் ஏதோ ஞாபகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. யாராவது சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் உடம்புக்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியாது. பஸ் படி ஏற யாராவது பின்னாலிருந்து தாங்க வேண்டும். உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன், மூச்சு அடைத்து விழித்துக்கொள்வேன். தஞ்சாவூர் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குதும்மா. இப்பவரைக்கும் திரும்பி வந்துடுது. எப்பவும் வரும்னு நான் சொல்ல மாட்டேன்." இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் சாப்பாடு குறையும், எடை இறங்கும், சர்க்கரையும் மூச்சும் வழிக்கு வரும் என்றார். அறுவை சிகிச்சை என்ற வார்த்தையைக் கேட்டதும் கத்தியைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் நானும் அப்பாவும்தான். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து சமையல் அப்பா கையில். அப்பா ஒல்லி. பண்ணையில் கூலிக்கு நாற்றுப் பறித்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் இளவட்டமாக இருந்தபோது நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று ஊரே வேலையை நிறுத்தியது. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆளை இறக்கி அறுத்துக்கொண்டார்கள். அடிதடி, போலீஸ், எல்லாம் நடந்தது. அந்த நாட்களில் அப்பாவின் வீட்டில் சோற்றுப்பானை கவிழ்ந்து கிடந்தது. சும்மா இருக்கிற பானைக்குள் பல்லி விழும், அதனால் கவிழ்த்து வைப்பார்களாம். பின்னால் ஆட்சிகள் மாறி, மனைப்பட்டா வந்து, உச்சவரம்பு நிலத்தில் கொஞ்சம் எங்களுக்கும் கிடைத்து, ரேஷன் அரிசியும் சும்மா கிடைத்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் பானையைக் கவிழ்க்கக் கூடாது என்பது சட்டம். சாப்பிட்டு முடித்தாலும் அடியில் கொஞ்சம் சோறு விட்டு, தண்ணீர் ஊற்றித்தான் மூடுவார்.

அப்படிப்பட்டவரிடம் போய் நான் இரைப்பையை வெட்டப் போகிறேன் என்றேன்.

"வயித்துக்காகத்தான் பாப்பா நாங்க அடி வாங்குனோம்," என்றார். "அந்த வயித்தயே வெட்டி எறியிறேங்குற."

"எறியிறதில்லப்பா, சின்னதாக்குறாங்க."

"ஏன், ஒனக்குப் போடுற சோத்துக்கு என்கிட்ட நெல்லு இல்லையா?"

ஊரில் மற்ற வீட்டுப் பெண்களை எல்லாம் விட நான் பூசினாற்போல இருக்கிறேன் என்று சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பெருமை. பூசினது எப்போதோ தாண்டிப் போய்விட்டது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நேரா நேரத்துக்குத் தட்டு மட்டும் முன்னைவிட நிறைந்து வந்தது. கோபத்திலும் சோறு போடுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பேசாமலே கூட வந்தார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நானும் என் பையும் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் என்னை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப் போனார்கள். நான் உள்ளே இருந்த நேரத்தில், உணவு ஆலோசனை சொல்கிற பெண் அப்பாவை உட்கார வைத்து, ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் நான் என்ன சாப்பிட வேண்டும் என்று விளக்கியிருக்கிறாள். வெளியே வந்தபோது அவள் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டனுங்க," என்று கையை மட்டும் ஆட்டினாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

அப்பாவின் முகமே மாறியிருந்தது.

"நல்ல ஆஸ்பத்திரி பாப்பா," என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "ரெண்டு வாரத்துக்கு நீராகாரம்தான் குடிக்கணுமாம். வேற எதுவும் தொடக் கூடாதாம். நம்ம நீராகாரத்தோட அருமை இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்!"

எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய சோற்றுத் தண்ணீரைப் பற்றி டாக்டர்களே டிவியில் உட்கார்ந்து புகழ்கிற காலம். இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட, அப்பா என் பக்கம் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அந்த இரண்டு வாரமும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். சொந்தக்காரர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தோம். வாசலுக்குப் போனால் எந்தப் பக்கம் கல், எவ்வளவு பெரிய கல் என்று கேட்பார்கள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். அப்பா அடுப்படியில் பரபரப்பாக இருந்தார். வெறும் தண்ணீர் எப்படிப் பத்தும் என்று, ஊறிய சோற்றைக் கையாலேயே பிசைந்து, ஒரு பருக்கை தெரியாமல் கரைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த புரோட்டீன் பவுடரையும் அதிலேயே கொட்டி, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளக்கூட விடாமல், சொம்பு சொம்பாகக் கொண்டு வந்தார். நான் குடித்து முடிக்கிற வரை எதிரிலேயே நிற்பார். குடித்த கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும், கண் சொக்கும். பட்டினியின் களைப்பு என்று நினைத்தோம்.

ஆபரேஷனுக்கு முன்பு கடைசிப் பரிசோதனை. எடை இறங்கவே இல்லை. சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா என்னம்மா சாப்பிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நீங்க சொன்ன நீராகாரம்தாங்க. ஒரு வேளகூடத் தப்பல. ஒரு பருக்க தட்டுப்படாம நானே பெசஞ்சு கரைச்சுக் குடுத்தேன்."

பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, நான் நீர் ஆகாரம்னு சொன்னது தண்ணியா இருக்கற சாப்பாட்டைங்க. பருப்புத் தண்ணி, காய் சூப், மோரு, அந்தப் பவுடரு. அரிசியே ஆகாதுங்களே!"

"நீராகாரம்னுதானேம்மா சொன்ன?"

"ஆமாங்க."

"அதத்தான் குடுத்தேன்."

இருவர் சொன்னதிலும் தப்பில்லை. அவள் இடைவெளி விட்டுச் சொன்னதை அவர் சேர்த்துக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். டாக்டர் பொறுமையாக அப்பாவுக்கு விளக்கினார். கல்லீரல் கொழுத்துப் போய் இரைப்பைக்கு மேலே கவிந்து கிடக்கிறது, அது சுருங்கினால்தான் கருவி உள்ளே போகும், அதற்குத்தான் அந்த இரண்டு வாரம். "இந்த ஈரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நான் வெட்ட முடியாதுங்க. கிழிஞ்சா ரத்தம் நிக்காது. திரும்ப முதல்லேர்ந்து இருந்துட்டு வாங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "இன்னொரு தடவை தள்ளிப்போட வைக்காதீங்கம்மா. பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தள்ளிப் போகிறது என்று அவர் சொன்ன அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. இன்றைக்கு வெட்ட மாட்டார்கள். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் அப்பா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. அந்தப் பக்கம் பார்த்தாலும் நெல், இந்தப் பக்கம் பார்த்தாலும் நெல். எங்கே கண்ணைத் திருப்புவது என்று தெரியாமல் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வேண்டாம்பா, விட்டுடலாம், வர்றது வரட்டும். அவர் மறுக்க மாட்டார் என்று தெரியும். முதலிலிருந்தே அவர் கேட்டது அதைத்தானே.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனார். பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், சோற்றையும் தண்ணீரையும் மாட்டுத் தொட்டியில் கொட்டினார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். இரண்டு மூன்று தடவை கழுவினார். திரும்பக் கொண்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நிமிர்ந்தே இருந்த இடத்தில், கவிழ்த்து வைத்தார்.

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"அப்ப நீங்க என்ன சாப்புடுவீங்க?"

"டீக்கடையில பன்னு இருக்குல்ல," என்றார். பிறகு கவிழ்ந்த பானையின் மேல் கையை வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ எந்திரிச்சு நடந்து வா. அப்பறம் நிமித்திக்கலாம்."

இனி எனக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. பவுடர் டப்பாவைத் திறந்தேன். வெறும் தண்ணீரில் கரைத்து, அவர் எதிரிலேயே நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.