வைக்கோல் கன்று

போன வாரம் என் மருமகள் ஒரு கோணி ஊசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஒரு சாண் நீளம், நுனி கொஞ்சம் வளைந்தது. மாட்டுக்கொட்டகை விட்டத்தில் அதைச் செருகி வைத்தவள் நான்தான். இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். துருவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தாள். கையில் எடுத்ததும் எனக்கு என் நாத்தனார் நினைவுதான் வந்தது.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். வரதராஜன்பேட்டையில் டீச்சர் வேலை பார்த்தாள், எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தாள். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் மாட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்பேர்ப்பட்ட உதைக்கிற மாடும் என் கைக்கு நிற்கும். சொசைட்டியில் என் பாலை ஒருவரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தெருப்பெண்கள் எதற்கும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பெருமைதான்.

அப்போது எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. அது ஒரு காளைக்கன்று போட்டது. கிடேரி என்றால் நாளைக்குப் பசுவாகும், அதற்குப் பால் விடுவோம். காளையை வைத்து என்ன செய்வது? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அதனால் எல்லார் வீட்டிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கன்றை அவிழ்த்து மடியை முட்டவிடுவேன். பால் சுரந்ததும் இழுத்து முளையில் கட்டிவிட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் நான் கறந்துகொள்வேன். அது கயிற்றை இழுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் கத்தும். நாலைந்து நாள் போனால் கத்தாது. கத்தாமல் படுத்திருக்கிற கன்றுதான் அதிகம் பசித்த கன்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன். பதினெட்டாம் நாள் செத்துப்போனது.

கன்று இல்லாமல் பசு பால் விடாது. தோலை உரிக்கச் சொல்லி, சாம்பல் பூசிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்து, கால்களுக்கு நாலு மூங்கில் குச்சி வைத்து இந்த ஊசியால் தைத்தேன். அதன்மேல் உப்புத்தண்ணீர் தெளித்துப் பசுவின் முன்னால் நிறுத்தினேன். நக்கியது. பால் இறங்கியது.

நான் தைத்துக்கொண்டிருந்தபோதே நாத்தனார் வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"கழிச்சல். என்னென்னமோ குடுத்துப் பாத்தேன், நிக்கலை."

அவள் குனிந்து பார்த்தாள். "கழிச்சல்ல போன கன்னுக்கு வாலெல்லாம் அப்பியிருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? இது வாலு சுத்தமா இருக்கே அண்ணி."

நான் ஊசியைக் குத்தி இழுத்தேன்.

அன்று முதல் அவள் பாலைத் தொடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வரக்காப்பிதான். தோல் செருப்பைக் கழற்றிப்போட்டு ரப்பர் செருப்புக்கு மாறினாள். சரி, டீச்சருக்கு ஏதோ கிறுக்கு என்று விட்டிருப்பேன். ஆனால் அவள் ஒருநாள் காலையில் சொசைட்டி வாசலுக்கே வந்து, பால் கேனோடு என்னுடன் நின்றிருந்த பெண்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆம்பளக் கன்னும் உசுருதானேங்க. மாட்ட நம்ம தேவைக்குன்னு வச்சிக்கிட்டு, அது பெத்தத அதும் கண்ணு முன்னாலயே பட்டினி போடுறோம். நான் பாலே வேணாம்னு விட்டுட்டேன். உங்கள விடச் சொல்லலை. ரெண்டு காம்பாவது அதுக்கு விடுங்க."

"நீங்க வேணா வந்து மடியில வச்சு ஊட்டி விடுங்களேன் டீச்சர்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "காலத்துல கட்டிக் குடுத்திருந்தா மாட்டுப் பிள்ளைய எதுக்குக் கொஞ்சப்போறாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நாத்தனார் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணி, நீங்க சொன்னா இந்தத் தெரு கேக்கும். அது எப்படிச் செத்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல்தான். பசி என்று நான் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது யோசித்திருப்பார்கள். ஆனால் கைராசிக்காரி என்ற பேர் அதோடு போயிருக்கும்.

"கழிச்சல்னு சொன்னேன்ல, கழிச்சல்தான். வூட்டு விசயத்தத் தெருவுக்கு இழுக்காத" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தா.பழூர்ப் பக்கம் ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போய்ப் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். ரிட்டயர் ஆனபின் அடிமாட்டுத் தரகரிடமிருந்து இரண்டு காளைக்கன்றுகளை மீட்டு வந்து, ஒரு வேலையும் வாங்காமல் வளர்த்தாள். "டீச்சர் வூட்டு மாட்டுக்கும் பென்ஷன் உண்டு" என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று வருடம் முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். முப்பதாம் நாள் பூசைக்குள் என் மகன் அந்த இரண்டையும் தரகரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டான். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் மருமகள் இந்த ஊசியோடு ஒரு கன்றுத்தோலையும் என் முன்னால் போட்டாள். "கழிச்சல் அத்தை. நேத்து போயிருச்சு. நீங்க நல்லாத் தைப்பீங்களாமே" என்றாள், முகத்தைப் பார்க்காமல். வாலைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"கழிச்சல் இல்லடி, பசி. அன்னைக்கு என் கன்னும் பசியிலதான் செத்துச்சு. நான்தான் கட்டிப்போட்டேன்."

அந்தச் சொல்லை வெளியே விட எனக்கு இத்தனை வருடம் ஆனது. அவள் திடுக்கிடக்கூட இல்லை. "எல்லா வூட்லயும் நடக்கறதுதானே அத்தை? அங்க மாடு கத்துது, பால் தேங்கி மடி கட்டிக்கும். சீக்கிரம் தைங்க."

மாடு கத்தத்தான் செய்தது. தைத்தேன். கண் மங்கினாலும் கை மறக்கவில்லை. முடித்ததும் அவள் ஒரு சொம்பில் உப்புத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உப்பு வேணாம்" என்றேன்.

"உப்பில்லாம நக்குமா?"

நக்கும். அந்தக் காலத்தில் ஒருநாள் வீட்டில் உப்பு தீர்ந்துபோய், வெறும் தோலைத்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். செவலை எப்போதும்போல நெற்றியிலிருந்து வால்வரை நக்கியது. உப்புக்குத்தான் நக்குகிறது, பாசத்துக்கு இல்லை என்று நாத்தனாரிடம் அடித்துச் சொல்லியிருந்தவள் நான். அதையும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

மறுபடியும் விட்டத்தில் செருகி வைக்க மருமகள் ஊசியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். உட்காரும்போது இடுப்பில் குத்துகிறது. கொட்டகையில் இன்னொரு பசு நிறைமாதமாக நிற்கிறது.