இரண்டு துவக்குகளுக்கும் பொருந்தும் அச்சு

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிந்துவிடத் தேவையில்லை. சுட்ட துவக்கின் அளவுக்கு விரிந்திருக்கும் அதைப் பழைய அளவுக்கு இறுக்கி, வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு வைத்து மறுபடியும் சுடலாம். இறுக்குவதற்கு ஓர் உருக்கு அச்சு வேண்டும். அதை வாங்கத்தான் ஒரு துவக்குக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று கோதின் கழுத்தை மட்டும் இறுக்கும். மற்றது முழு உடலையும் இறுக்கும்.

"உங்கள் துவக்கில் சுட்ட கோது மட்டுந்தானா, வேறு யாருடையதும் சேருமா?" என்று கேட்டார். "உங்களுடையது மட்டும் என்றால் கழுத்தை இறுக்கினால் போதும், கோது கனகாலம் உழைக்கும். மற்றவருடையதும் என்றால் முழுசாக இறுக்க வேண்டும்."

நான் தனி ஆள். ரெய்னர்ஸ் லேனில் ஓர் அறை பிளாட். லைசென்ஸுக்காக வீட்டைப் பார்க்க வந்த பொலிஸ்காரர், துவக்கு அலுமாரியின் சாவி வேறு யார் கையிலும் அகப்படுமா என்று கேட்டபோது, இங்கே வேறு யாரும் வருவதே இல்லை என்றேன். அவர் அதை நல்ல பதிலாக எழுதிக்கொண்டார்.

பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஊரில கேட்ட வெடிச்சத்தம் போதாதோ உனக்கு?"

"கடதாசி இலக்கிலதான் சுடுறது அக்கா."

"என்னவோ, ஆருக்கும் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

ஆனாலும் கடைக்காரரிடம், "இரண்டு பேருடையதும் சேரும்" என்றேன்.

இரண்டாவது ஆள், துவக்குச் சுடும் கிளப்பில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுபவர். காலி நகரிலிருந்து வந்த சிங்களவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆங்கிலத்தில்தான் பேசுவோம், ஆனால் என்னை 'மல்லி' என்பார், அவர்கள் பாஷையில் தம்பி. யுத்த காலத்தில் எங்கே இருந்தாய் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இருவருக்கும் ஒரே அளவுத் தோட்டா. "அச்சு வாங்கினால் சொல்லு, உன் வீட்டுக்கு வருகிறேன், சேர்ந்து செய்வோம்" என்று ஒருநாள் சொல்லித் தன் கோதுகளையும் என் பையில் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். குசினி மேசையில் அச்சை அதன் அழுத்துபிடியோடு பூட்டினேன். ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். எனக்கு மட்டும் என்றால் நான் கறி வைப்பதில்லை.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றரைக்குப் போன் எடுத்தார்.

"மல்லி, நான் வரவில்லை. பொய் சொல்ல விருப்பமில்லை. என் மனைவியின் தம்பி ஆமியில் இருந்தவன், வடக்கில் செத்தவன். யாருடைய வீட்டுக்குப் போகிறேன் என்று இன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்."

"பரவாயில்லை" என்றேன். என் பக்கத்திலும் செத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அதைச் சொன்னால் கணக்குத் தீர்ப்பது போலாகிவிடும்.

தனியாகத் தொடங்கினேன். எண்ணெய் பூசியது போதவில்லை. முதல் கோதே அச்சுக்குள் இறுகி நின்றுவிட்டது. பிடியில் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. ஐந்து மணிவரை அதோடு மினக்கெட்டேன். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் அவருக்கே போன் எடுத்தேன்.

"கோது இறுகிவிட்டது."

"யாருடையது?"

"உங்களுடையது."

அவர் சிரித்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது; தோட்டத்துக்கு வந்துவிட்டார் போலும். "இழுக்காதே, அச்சுக் கெட்டுவிடும். அதை எடுக்க என்னிடம் ஒரு சாமான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவா." பிறகும் போனை வைக்கவில்லை. வெளியே குளிர்கிறது என்றார். இங்கேயும்தான் என்றேன்.

சனிக்கிழமை கிளப்பின் கார்த் தரிப்பிடத்தில் நின்று பத்து நிமிடத்தில் அதை எடுத்துத் தந்தார்.

இன்றுவரை அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருவனாகவே மேசைக்கு முன்னால் இருந்து இருவருடைய கோதுகளையும் இறுக்குகிறேன். அவருடையதைத் துடைத்துப் பையில் போட்டுக் கிளப்பில் கொடுப்பேன். மருந்தை அவர் தன் வீட்டில் நிரப்பிக்கொள்வார்.