பாதிச் சவரம்

என் கை நடுங்குகிறது என்பதை என் கணவரின் தாடையில் வடிந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்தவர் அவர். பேச்சும் குழறும். தினமும் காலையில் அவருக்குச் சவரம் செய்து, கஞ்சி ஊட்டுவது என் வேலை. அன்று ரேஸர் என்னைக் கேட்காமல் இழுத்துவிட்டது. அவர் "ஸ்ஸ்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்து, கரண்டிக் கஞ்சி அவர் சட்டைக்குப் போக ஆரம்பித்தது. சும்மா இருந்தால் கை சாதுவாக மடியில் கிடக்கும். எதையாவது தூக்கினால் ஆட்டம் போடும். எசென்ஷியல் ட்ரெமர் (வேலை செய்யும்போது கை தானாக நடுங்கும் கோளாறு) என்றார் மருத்துவர். வழக்கமான மாத்திரை என் ஆஸ்துமாவுக்கு ஆகாது. வேறொன்றைத் தின்று தலை சுற்றி விழுந்தேன். மூளையில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். நான் போய்ப் படுத்துக்கொண்டால் இவரை யார் பார்ப்பது?

தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் மகன் எலக்ட்ரிக் ஷேவர் வாங்கி வந்தான். அதன் இரைச்சலுக்கே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகொரு நாள் மகன் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"ம்மா, கெலாங் பாத்தாவுல முடியாதவங்கள பாத்துக்கிற ஹோம் ஒண்ணு பாத்துட்டேன். அப்பாவ அங்க வச்சிரலாம் லா. நீங்களும் எத்தன நாளு தாங்குவீங்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தேன். வீங்கிய பிறகும் நடுங்கியது.

ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குப் போனேன். கற்பூரத் தட்டைத் தூக்கியதும் கை கிடுகிடுவென ஆடியது. சுற்றி நின்ற பெண்கள் எனக்குச் சாமி வந்துவிட்டதென்று நினைத்து வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். ஓர் அம்மாள் காலில் விழுந்து, "தாயி, எம்மவளுக்கு எப்பத்தான் கல்யாணம் ஆவும்?" என்று கேட்டார்.

"சாமி இல்லீங்க, வியாதி!" என்று கத்தினேன்.

"ஆத்தா கோவமா இருக்கா," என்று இன்னும் குனிந்து கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது. சாமியும் கைவிட்ட பிறகு போக இடமில்லை என்று தோன்றியது.

அந்த நிலையில்தான், ஸ்கூடாயிலுள்ள பல்கலைக்கழகத்தில் கை நடுக்கம் பற்றி நடக்கும் ஓர் ஆய்வுக்கு ஆள் தேடுவதாக என் மருத்துவர் சொன்னார். ஆய்வாளர் ஷாமினி, லாபிஸ் என்ற சிற்றூரில் பிறந்து வளர்ந்த பெண். முழங்கைக்குக் கீழே ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் (ஒலியலையால் உடலின் உள்ளே படம் பிடிக்கும் கருவி) வைத்தார். திரையில் என் தசைகள் சாம்பல் நிறத்தில் துடித்தன.

"பாருங்க ஆன்ட்டி, இந்த ரெண்டும் மாத்தி மாத்தி இழுக்குது. படத்த பாத்து, கரெக்ட் டைம்ல கரண்ட் குடுத்தா ஆட்டம் கொறையும்."

எலக்ட்ரோடுகளை (தோலில் ஒட்டும் மின் பட்டைகள்) அந்தத் தசைகளின் மேல் ஒட்டினார். சுருக் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. முழுதாக இல்லை, ஆனாலும் தண்ணீர்க் கோப்பை சிந்தாமல் வாய்க்கு வந்தது. பழைய கை திரும்பி வந்திருந்தது. கோப்பையை இறக்கி வைத்து மறுபடியும் தூக்கிப் பார்த்தேன்.

"இத வீட்டுக்குக் குடுப்பீங்களா?"

"இல்ல ஆன்ட்டி. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நிறுத்துனா திரும்ப ஆடும்."

அப்படியானால் ஆய்வுக்குக் கடைசியாக வரும்போது என் கணவரை அழைத்து வருகிறேன், இங்கேயே ஒரு தடவை ஒழுங்காகச் சவரம் செய்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். ஷாமினி தன் பேராசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கினார்.

மகன்தான் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தான். கரண்ட் ஓடியது. இடக்கன்னத்தில் ரேஸர் கீறாமல் இறங்கியது. கணவர் என் முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதியில் ஷாமினி நிறுத்தினார். "போதும் ஆன்ட்டி, தசை களைச்சிருச்சு. இதுக்கு மேல குடுக்கக் கூடாது."

கை மறுபடி ஆடத் தொடங்கியது. வலக்கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"குடுங்கம்மா, நான் முடிக்கிறேன்," என்று மகன் கை நீட்டினான்.

கணவர் தலையை விலக்கினார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்... மிச்சம்... வூட்ல. அவ செய்வா."

பாதி முகத்தில் நுரை காய, ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து வீடு வந்தோம்.

ஆய்வு முடிந்துவிட்டது. இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தக் கருவி எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. மகன் ஹோமைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்பு கஞ்சி கொதிப்பதற்குள் முடிந்த சவரத்துக்கு இப்போது காலைப்பொழுதே போய்விடுகிறது. கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் அடங்கியதும் மறுபடி ரேஸரைத் தூக்குவேன். அவர் இடக்கையை நீட்டி, பட்டை ஒட்டிய அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். நடுக்கம் நிற்பதில்லை. அவர் தாடையை உயர்த்திக் காட்டுகிறார்.