அண்ணனுக்குக் கரண்ட் வைத்தார்கள்

வெள்ளையண்ணா, நீ இருந்திருந்தால் இதை நீயே சொல்லிச் சிரித்திருப்பாய். நீ இல்லாததால் நான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் ஜவ்வாது மலையில் சாமை அறுத்து முடித்த சமயம், என் அண்ணன் வெள்ளையனுக்கு மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கூட இருந்தது நான்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வலிக்குப் பயந்து அவன் இருமவே மாட்டேன் என்றான். தையல் பிரிந்துவிடுமாம். சளி உள்ளேயே தங்கினால் நுரையீரல் கெட்டுவிடும், மறுபடி தொண்டையில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

அன்று கஞ்சி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தான். கையிலும் காலிலும் ஊசி குத்தி, அதில் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து ஒயர் மாட்டியிருந்தது. விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

எங்கள் ஊரில் காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் நிலத்தைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டுவார்கள். அதில் மாட்டியவரைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் கஞ்சியைக் கீழே போட்டேன். பக்கத்துக் கட்டில் தாத்தாவின் கைத்தடியைப் பிடுங்கி ஒயரை ஓங்கித் தட்டினேன். ஒயர் கழன்றது, பெட்டி கீழே விழுந்தது, மிச்ச அடி அண்ணன் முட்டியில் விழுந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். "இன்னாத்துக்குடி அடிக்கிற?"

"உனுக்கு கரண்ட்டு அடிச்சிக்கிச்சிண்ணா."

சத்தம் கேட்டுத் திரை மறைவிலிருந்து டாக்டரம்மா ஓடி வந்தார். வலி குறைவதற்காக அவர்தான் அக்குபங்சர் ஊசி வைத்து லேசாகக் கரண்ட் விட்டிருக்கிறார். நான் வெளியே போயிருந்தபோது அண்ணன் சரி என்று சொல்லியிருக்கிறான். "டார்ச் லைட்டுல போடற மாதிரி பேட்டரிதாம்மா," என்றார். கோபப்பட்டாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னான், "என்னப் பன்னின்னு நெனச்சிட்டா இவ, டாக்டரம்மா."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. டாக்டரம்மா சட்டென்று தலையணையை அவன் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க, அவன் இருமினான், நன்றாக இருமினான். கட்டிச் சளி வந்தது. பொன் கிடைத்த மாதிரி எல்லோரும் அதையே பார்த்து நின்றோம்.

"வலிக்குது. ஆனா தாங்கற வலிதான்," என்றான்.

ஊசியால்தான் தாங்க முடிந்தது என்றார் டாக்டரம்மா. என் தங்கச்சி அடித்த அடியால்தான் என்று ஜீப்பில் மலையேறும் வழியெல்லாம் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தான்.

இந்த ஆடியில் ஏதோ ஒரு காய்ச்சல் வந்து அவன் போய்விட்டான். நான் பயத்தில் செய்கிற கோமாளித்தனத்தையெல்லாம் பாசம் என்று எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தான் என்பது எவ்வளவு பெரிது என்று இப்போதுதான் புரிகிறது. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, வெள்ளையன் என்று பெயர் சொல்லி அவனுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.