எச்சில் தீ

வேலாத்தாளுக்கு விறகுப் புகை பன்னிரண்டு வருஷப் பகையாளி. முதலிபாளையம் பக்கத்துப் பள்ளியில் சத்துணவு ஆக்க வந்த நாளிலிருந்து கண் எரிச்சல். 1994இல் அரிசியில் கிடக்கும் கல்லே தெரியாமல் போனது. இன்னும் புகையில் நின்றால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் சோறு ஏது?

அப்போதுதான் விவசாயக் கல்லூரிக்காரர் ஒருவர் பள்ளிக்குப் பின்னால் கோபர் கேஸ் குழி கட்டிக் கொடுத்தார். முதலில் சாணம், பிறகு பிள்ளைகள் மிச்சம் வைக்கும் சோற்றைக் கரைத்து ஊற்றினால் போதும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதைத் தின்று வாயு விடும் என்றார். நான்காம் வாரம் அடுப்பில் நீலத் தீ வந்தது.

ஊருக்குப் பொறுக்குமா? பொன்னாத்தாள் நாலு தாய்மாரோடு வந்து தலைமையாசிரியர் கன்னையனை மறித்தாள்.

"எச்சச் சோத்துத் தீயில ஆக்குனத எம்பட பையன் திங்கோணுங்களா? நாத்தம் புடிச்ச பொழப்புங்க இது."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் வேலாத்தாள் ரோஷக்காரி, மூடியே தீருவேன் என்று கிளம்பினாள். கணவன் நல்லான் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பவுடரைப் போட்டு, மிச்சச் சோறு கரைக்கும் வாளியையும் குழி வாயையும் நாற்றம் போகத் தினமும் தேய்த்தாள். கழுவிய தண்ணீரைக் குழிக்குள்ளேயே தள்ளினாள். எட்டாம் நாள் தீ அவிந்தது.

"சாமிக்கே பொறுக்கலீங்க" என்றாள் பொன்னாத்தாள்.

"ஒரு மாசம் பாக்கறேன். எரியலீன்னா குழிய மூடிருவேன்" என்றார் கன்னையன்.

மறுபடி விறகு. வேலாத்தாள் ஊரையே சபித்துக்கொண்டு ஊதினாள். ஒரு காலையில் வீட்டுச் சாக்கடையில் நல்லான் அதே பவுடரைத் தூவினான். "ஒரு கை போட்டாப் போதும், ஒரு பூச்சி பொழைக்காது."

வேலாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. குழியில் இருந்த பூச்சிகளைக் கொன்றது சாமி இல்லை, அவள்தான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. குழியைப் பாதி இறைத்து, கூடை கூடையாகப் புதுச் சாணம் சுமந்து கரைத்தாள். வாளியை வெறும் தண்ணீரில் அலசினாள். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் தீ திரும்ப வந்தது.

அன்றும் பொன்னாத்தாள் வந்து நின்றாள். "அதே எச்சத் தீதான?"

"ஆமா. உம்பட பையன் தெனம் பாதிச் சோத்த மிச்சம் வெக்கறான், அதுதான் எரியுது. ஊட்டுல அவன் மிச்சம் வெச்சா நீதான திங்கற? அங்க ஆவற எச்ச இங்க ஆவாதா?"

பொன்னாத்தாள் விறுவிறுவென்று நடையைக் கட்டினாள். மறுநாள் அவள் மகன் தட்டில் ஒரு பருக்கை இல்லை, வழித்து நக்கியிருந்தான். குழிக்கு ஒரு பருக்கையும் விடாதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வேலாத்தாள் அந்தத் தட்டைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குழியில்தான் ஊற்றினாள்.