ஆறும்போது சுருங்கும் புண்

பருத்திக்கு மருந்தடிக்கும் எங்கள் ஊரில், யாராவது தவறிப்போய்ப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பார்கள். பருத்திக்காட்டிலிருந்து தாகத்தோடு வந்த என் அண்ணன், கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த கழிப்பறை ஆசிடைக் குடித்துவிட்டபோதும் பக்கத்து வீட்டுக்காரர் அதையேதான் செய்தார். வாந்தியோடு மேலேறிய ஆசிட் உணவுக்குழாயை இரண்டாம் முறையும் சுட்டது.

கோவில்பட்டியில் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்த மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். “புண்ணு ஆறிரும். ஆறும்போதுதான் குழாய் சுருங்கும். சாப்பாடு இறங்கலன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருங்க.”

வீடு திரும்பிய அண்ணன் கஞ்சி குடித்தார். சில வாரம் கழித்துக் குழைந்த சோறு இறங்கியது. இன்று காலை இட்லிக்கு உட்கார்ந்தார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு நிம்மதி.

“அண்ணாச்சி இனி பானையோட முழுங்கிருவாவ.”

“ஒன் வீட்டுப் பானையக் கொண்டா லே, பாப்போம்.”

மதினி சிரித்துக்கொண்டே சட்னி எடுக்க உள்ளே போனார். அண்ணன் இரண்டாவது விள்ளலை விழுங்கினார். கை நெஞ்சுக்குப் போனது. தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார். இட்லி அப்படியே தோள்துண்டில் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளிறிப்போனார்.

“அவகிட்ட சொல்லிராதிய,” என்றார் அண்ணன்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் குடித்த தண்ணீரும் வெளியே வந்தது.