தொட்டி ஏணியில் ஒத்திகை

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகள், நான் அங்கே போகும்போது பாலைவனத்தில் பாறை ஏற ஒரு நாள் பதிவு செய்துவிட்டாள். வழிகாட்டி கூடவே வருவாராம், கயிறு கட்டிவிடுவாராம். தப்பு என்னுடையதுதான். "காலேஜ் கேம்ப்ல நான் ஏறாத பாறையா?" என்று பல வருஷமாக அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். உண்மையில் அந்த முகாமில், ஏறப் போனவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். உயரம் என்றாலே எனக்கு உள்ளங்கால் கூசும்.

வழிகாட்டி அனுப்பிய படிவத்தில் 'உயரத்தைக் கண்டு பயம் உண்டா?' என்றொரு கேள்வி. 'இல்லை' என்று டிக் அடித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் பெற்ற பெண்ணிடம் மாட்டிக்கொள்வதைவிடப் பாறையிலிருந்து விழுவதே மேல் என்று தோன்றியது.

உடனே பயிற்சியில் இறங்கினேன். ஒரு வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் எஸ்கலேட்டரைத் திரும்பியும் பார்க்காமல் படியேறினேன். கைக்கு வலு வரட்டும் என்று கீழ்க்கட்டளை வரை பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புது ஷூவை மாட்டிக்கொண்டு, எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறினேன். மொத்தம் பன்னிரண்டு படி. எட்டாவதில் கீழே பார்த்துத் தொலைத்தேன். அதற்குமேல் கை கம்பியை விடவில்லை, கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

துணி காயப்போட வந்த மூன்றாவது மாடி அக்கா அண்ணாந்து பார்த்தார். "நல்லவேளை ஏறினீங்க! தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, மோட்டார் போடணும்."

"பாதிதான் இருக்குக்கா," என்றேன், கண்ணை இறுக்க மூடியபடி.

அவர் போய் மோட்டாரைப் போட்டார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது போல. கொஞ்ச நேரத்தில் என் தலைமேல் வழிந்தது.

தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து ஓடிவந்த வாட்ச்மேன், "இன்னா மேடம், குளிக்கிறீங்களா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "கீழ பாக்காதீங்க. ஒவ்வொரு காலா வையுங்க. நான் இங்கதான் கீறேன்."

எட்டு படி இறங்க அரைமணி நேரம் ஆனது.

சொட்டச் சொட்ட நின்றபடியே மகளுக்குப் போன் போட்டு, செருப்புக் காவல் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அம்மா, எனக்கும் உயரம்னா பயம். நீ கூட இருந்தா ஏறிடலாம்னுதான் புக் பண்ணேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

"கேன்சல் பண்ணிடவா?"

"வேணாம்," என்றேன். படிவத்தில் பயம் 'உண்டு' என்று திருத்தி அனுப்பினேன். மறுநாள் காலை வாட்ச்மேனைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு ஒன்பதாவது படிக்குப் போனேன்.